மோட்டாரை மாற்றும் முன் குழாயை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயத்துக்குச் சோலார் பம்பு நல்லதா, மின்வாரிய இணைப்பே போதுமா, டீசல் எஞ்சினைக் கைவிடலாமா என்ற விவாதம் நாளிதழ்களில் ஓயாமல் நடக்கிறது. மத்திய அரசின் சோலார் பம்பு மானியத் திட்டமான பி.எம். குசும் 2019-ல் வந்த பிறகு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களில் சோலார் பம்புக்கு மனு கொடுப்போரும் பெருகிவிட்டனர். சக்தி எங்கிருந்து வருகிறது என்று இவ்வளவு பேசுகிறோம். வந்த சக்தி கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் எங்கே கரைகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தண்ணீர் தூக்குவது எளிய கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த 9,810 ஜூல் வேலை செய்ய வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால், ஒரு யூனிட்டைக் கொண்டு 1,000 லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். 20 மீட்டர் ஆழக் கிணறு என்றால், துளியும் வீணாகாத பட்சத்தில், ஒரு யூனிட்டுக்கு 18,350 லிட்டர் வெளியே வர வேண்டும். வயல்களில் அளந்து பார்த்தால் நாலாயிரம், ஐந்தாயிரம் லிட்டர் வந்தாலே பெரிது. மீதி எல்லாம் சூடாகவும் சத்தமாகவும் குழாய்ச் சுவரில் உராய்வாகவும் போய்விடுகிறது. மின்சாரமோ சூரியனோ டீசலோ, எதைக் கொடுத்தாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

ஏற்றம் இறைத்த காலத்தில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து, தன் உடல் எடையாலேயே சால் எனும் தண்ணீர் வாளியைத் தூக்கினார். கமலையில் மாடுகள் சரிவில் கீழ்நோக்கி நடந்து வடத்தை இழுத்தன. இழுக்கும் பலத்தோடு அவற்றின் எடையும் சேர்ந்துகொண்டது. மனிதன் நாள் முழுவதும் களைக்காமல் கொடுக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். அவ்வளவு அருமையான சக்தியை வைத்துக்கொண்டு, மடை வாய்க்குத் தேவையானதைவிட ஒரு சாண் கூடுதலாக யாரும் தண்ணீரைத் தூக்கவில்லை. இன்று தொட்டியின் விளிம்புக்கு மேல் ஆறடி, எட்டடி குழாயை நிமிர்த்தி, அங்கிருந்து தண்ணீரைக் கொட்ட விடுகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் மொத்த உயரம் 20 மீட்டர் இருக்கும் இடத்தில், வீணாக ஏற்றும் ஒவ்வொரு மீட்டரும் சக்தியில் இருபதில் ஒரு பங்கைத் தின்கிறது. அந்த முனையை அறுத்துத் தொட்டி மட்டத்துக்கு இறக்க அரை நாள் வேலையும் ஒரு வளைவுக் குழாயும் (பெண்டு) போதும்.

இனி குழாய். பம்புசெட் பொருத்தும் எங்கள் தொழிலில் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கைகள் இரண்டும் இதைப் பற்றியவையே. "பெரிய குழாய் போட்டால் தண்ணீர் பாரம் கூடி மோட்டார் இழுக்காது" என்பது முதலாவது. நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. குழாயின் அகலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 15 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் 2 அங்குலக் குழாயும் 6 அங்குலக் குழாயும் பம்பின் மேல் ஒரே அழுத்தத்தைத்தான் கொடுக்கும். "சின்னக் குழாய் போட்டால் வேகமாக அடிக்கும்" என்பது இரண்டாவது. வேகமாக அடிப்பது உண்மை. வேகமாக அடிப்பதும் நிறையத் தண்ணீர் வருவதும் வேறு வேறு. தண்ணீரின் வேகம் இரட்டித்தால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு சுமார் 30 மடங்கு உயரும்.

ஓர் உதாரணம். நொடிக்கு 8 லிட்டர் தண்ணீர், 100 மீட்டர் நீளமுள்ள வழுவழுப்பான பி.வி.சி. குழாய் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால், உராய்வைத் தாண்ட பம்பு கூடுதலாக 1 மீட்டருக்குச் சற்று மேல் தள்ளினால் போதும். 75 என்றால் சுமார் 4.5 மீட்டர். 63 என்றால் 10 மீட்டர். 50 என்றால் ஏறத்தாழ 30 மீட்டர்! கிணற்றுக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் வெறும் 15 மீட்டராக இருக்கும் தோட்டத்தில் 50 மில்லிமீட்டர் குழாய் போட்டவர், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு 30 மீட்டர் கிணற்றைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்று அர்த்தம். அவருடைய 5 எச்.பி. மோட்டாரால் அந்த 8 லிட்டரைத் தர முடியாது, தண்ணீர் குறையும். உடனே கடைக்குப் போய் 7.5 எச்.பி. கேட்பார்.

அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. உராய்வே பெரிய தடையாக இருக்கும் குழாயில் குதிரைத்திறனை இரட்டித்தாலும் தண்ணீர் கால் பங்குதான் கூடும். திறன் தேவை தண்ணீர் அளவின் மும்மடிப் பெருக்கத்தில் (தண்ணீர் இரட்டித்தால் எட்டு மடங்காக) ஏறுவதே காரணம். பெரிய மோட்டாருக்குக் கொடுத்த பணத்தில் பெரிய குழாயே வாங்கியிருக்கலாம்.

குழாய் வாங்கும்போது இதையும் கவனிக்க வேண்டும். பி.வி.சி. குழாயில் அச்சிட்டிருக்கும் 63, 75, 90, 110 என்ற எண்கள் வெளிவிட்டம். உள்ளே தண்ணீர் ஓடும் இடம் அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவு. தடிமன் கூடக் கூட அது இன்னும் குறையும். பம்பின் வாய் 2 அங்குலமாக இருக்கிறது என்பதற்காகக் குழாயும் 2 அங்குலமாக இருக்க வேண்டியதில்லை. பம்பின் வாயிலேயே குழாய் அளவை மாற்றும் ரெட்யூசர் ஒன்றை வைத்து அங்கிருந்து பெரிய குழாய்க்கு மாறிவிடலாம். துருப்பிடித்து உள்ளே சொரசொரத்த பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருந்தால், அதே விட்டப் புதிய பி.வி.சி. குழாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் உராய்வு இருக்கும். சட்டென்று திரும்பும் எல்போவுக்குப் பதில் நீள வளைவுள்ள பெண்டு போடுவதும் நல்லதே. ஆனால் அதைச் செய்துவிட்டுக் குழாயைச் சின்னதாகவே விட்டால் பெரிய பயனில்லை.

மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக, தண்ணீருக்கு மேலே வைக்கும் பம்பு) வைத்திருப்பவர்களுக்கு உறிஞ்சும் பக்கம்தான் இன்னும் முக்கியம். பம்பு தண்ணீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளிக் கொடுப்பது காற்று மண்டலம். கடல் மட்டத்தில் காற்றால் 10.3 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. ஊட்டி உயரத்தில் அது சுமார் 8 மீட்டராகக் குறைந்துவிடும். குழாய் உராய்வு, உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு, தண்ணீரின் ஆவியழுத்தம், பம்புக்கே தேவைப்படும் அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தால், சமவெளியில் நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டருக்குள் பம்பு இருப்பதுதான் பாதுகாப்பு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்பையும் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் குமிழியாகக் கொதித்து, அழுத்தம் கூடிய இடத்தில் அந்தக் குமிழிகள் நொறுங்கும் சத்தம் அது. சில மாதங்களில் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் இலைகள் கரையான் அரித்ததுபோல் குழி விழுந்துவிடும். "பேரிங் போயிருக்கும்" என்று பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

உறிஞ்சு குழாய் பம்பு வாயைவிட ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும். கிணற்றிலிருந்து பம்பை நோக்கி ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது கூனல் விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். ஃபுட் வால்வு கிணற்றுத் தரையிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும்; கோடை நீர்மட்டத்திலும் அது இரண்டு மூன்று அடி முங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பு குழாய்ப் பரப்பைவிட இரண்டு மூன்று மடங்கு இல்லாத மலிவு வால்வுகள் தண்ணீரின் கழுத்தை நெரிக்கின்றன. விவசாயப் பம்புகளுக்கான ஃபுட் வால்வுகளுக்கென்றே ஐ.எஸ். 10805 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வால்வு ஒழுகுகிறது என்று ஒவ்வொரு முறையும் சாணியைக் கரைத்து ஊற்றி ஓட்டுவது பல தோட்டங்களில் வழக்கம். ஒரு வாஷரை மாற்றினால் தீரும் காரியம் அது. சாணிக் கரைசலில் வரும் மண்ணும் மணலும் பம்பின் ஒழுகலைத் தடுக்கும் ‘சீல்’ பாகத்தைத் தேய்க்கின்றன.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் கருகுகிறது? மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் 80 விழுக்காடாகக் குறைந்தால் விசை 64 விழுக்காடாகிவிடும். பம்பின் சுமையோ குறைவதில்லை. மோட்டார் வேகம் தளர்ந்து, கூடுதல் கரண்டை இழுக்கும். கரண்ட் 20 விழுக்காடு கூடினால் காயிலில் உண்டாகும் சூடு 44 விழுக்காடு கூடுகிறது. இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெபாசிட்டர் பெட்டியை வைத்து மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும்போது நடப்பதும் இதுதான். மூன்று காயில்களுக்கும் கரண்ட் சமமாகப் பிரியாது, ஒன்று மட்டும் வெந்துபோகும். இது தவிர, மின்திறன் காரணியை (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கை) உயர்த்த 5 எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ள கெபாசிட்டர் போட வேண்டும். ஊரில் பாதிப்பேர் அதைப் போட்டாலே டிரான்ஸ்ஃபார்மரின் சுமை குறைந்து, எல்லோருக்கும் வோல்டேஜ் சற்று நிமிரும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பெரும்பாலும் மீட்டரும் இல்லை, வீணாவது கண்ணில் படுவதும் இல்லை. அந்த உரிமை நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களே இந்த இழப்பை முதலில் பேச வேண்டும்.

சோலாருக்கு வந்தால் கணக்கு இன்னும் கறாராகிவிடுகிறது. 5 எச்.பி. பம்புக்கு 4,800 வாட் பேனல் கொடுக்கிறார்கள். அந்த 4,800 என்பது பேனல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்த எண். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரி ஏறினால், டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு வீதம் 14 விழுக்காடு குறையும். தூசி படிந்தால் இன்னும் குறையும். பேனல்கள் தொடராகக் கோக்கப்படுவதால், ஒன்றின் மேல் தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியும் அடிபடக்கூடும். துடைப்பதை விடிகாலையில் செய்யுங்கள்; உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பம்பின் தேர்வு. வெயில் குறைவாக இருக்கும்போது கன்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும். சுழல் பம்பில் தண்ணீரின் அளவு வேகத்தைப் பொறுத்தது. அது தூக்கும் உயரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழு வேகத்தில், வால்வை மூடிய நிலையில், 45 மீட்டர் வரை அழுத்தம் தரும் பம்பு ஒன்று இருக்கிறது. தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் 30 மீட்டர். வேகம் 82 விழுக்காட்டை எட்டும் வரை ஒரு சொட்டும் வெளியே வராது. அதுவரை வந்த மின்சாரம் எல்லாம் பம்புக்குள் தண்ணீரைக் கலக்கிச் சூடாக்கத்தான். கோடையில் நீர்மட்டம் 6 மீட்டர் இறங்கினால் அந்த எல்லை 89 விழுக்காடாகும். 36 மீட்டர் மட்டுமே அழுத்தம் தரும் பம்பைத் தவறாகப் பொருத்தியிருந்தால், நீர்மட்டம் இன்னும் இறங்காத தை மாதத்திலேயே 91 விழுக்காடு வேகம் வேண்டும். சித்திரையில் முழு வெயிலிலும் தண்ணீர் வராது. "காலை பத்து மணி வரை தண்ணியே வரலை, பேனல் மட்டம்" என்று வரும் புகார்களில் பேனல் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். மனுவில் நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளந்து எழுதியிருப்பார்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீரைத் தடுப்பது உயரம். உச்சி வேளையில் ஓட்டம் கூடியதும் தடுப்பது குழாயின் உராய்வு. சோலார் பம்புக்கு இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மோட்டாரோடு டைனமோவைக் கோத்து, அந்த மின்சாரத்திலேயே மோட்டாரை ஓட்டலாம் என்றும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து விழும் தண்ணீரில் டர்பைனைச் சுழற்றிப் பம்பை ஓட்டலாம் என்றும் காணொளிகள் பரவுகின்றன. நம்பிப் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 10,000 லிட்டர் தண்ணீர் 5 மீட்டர் உயரத் தொட்டியில் இருந்தால், அதில் அடங்கியுள்ள மொத்தச் சக்தி 0.14 யூனிட்டுக்கும் குறைவு. அதை ஏற்ற அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவாகியிருக்கும். இறக்கும்போது டர்பைனும் டைனமோவும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையத்தில் தண்ணீரை மேலே ஏற்றி மின்சாரம் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கும் ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரம் திரும்பக் கிடைப்பதைவிட அதிகம்தான். மிஞ்சும் நேரத்து மின்சாரத்தைத் தட்டுப்பாடான நேரத்துக்கு மாற்றுவதே அதன் பயன். சோலார் வைத்த விவசாயி பகலில் மிஞ்சும் வெயிலைத் தண்ணீராகவே தரைமட்டத் தொட்டியிலோ பண்ணைக்குட்டையிலோ சேர்த்துவைப்பதுதான் சிறந்த சேமிப்பு.

தன் பம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 25 நொடி என்றால் நொடிக்கு 8 லிட்டர். ஓடும்போது உள்ள நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் முனை வரை உயரத்தைக் கயிறு போட்டு மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி 76-ஆல் வகுத்தால், உண்மையில் வயலுக்கு வந்த குதிரைத்திறன் கிடைக்கும். உயரம் 15 மீட்டர் என்றால் 1.6 எச்.பி. இப்போது எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்ப் மீட்டரில் கரண்டைப் பாருங்கள். 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஆம்பியருக்குச் சுமார் 0.6 கிலோவாட், 7.5 ஆம்பியர் என்றால் 4.5 கிலோவாட், அதாவது 6 எச்.பி. ஆறு கொடுத்து 1.6 வாங்குகிறோம், நூற்றுக்கு 27. முப்பதுக்குக் கீழே வந்தால் எங்கோ பெரிய கோளாறு இருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டினால் கை வைக்காதீர்கள்.

பணம் கொஞ்சமாக இருந்தால், முதலில் குழாய் முனையை இறக்குங்கள். அடுத்து ஃபுட் வால்வும் உறிஞ்சு குழாயும். அதற்குப் பின் பம்பிலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோகும் டெலிவரிக் குழாய். இம்பெல்லர் தேய்மானம் நான்காவது. மோட்டார் கடைசி.

ஓர் எச்சரிக்கை. தடை குறைந்ததும் சுழல் பம்பு முன்பைவிட அதிகத் தண்ணீரைத் தள்ளும். பெரும்பாலான பம்புகளில் அதோடு கரண்டும் ஏறும். குழாயை மாற்றிய அன்றே கிளாம்ப் மீட்டரை மாட்டி, மோட்டார் தகட்டில் எழுதிய ஆம்பியரைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் டெலிவரி வால்வைச் சற்று மூடிவைப்பது அன்றைக்கு மோட்டாரைக் காக்கும். நிரந்தர வழி, இம்பெல்லரைக் கடைசல் பட்டறையில் அளவாகக் கடைந்து சிறிதாக்குவது, அல்லது குறைந்த எச்.பி. பம்புக்கு மாறுவது. இதைச் சொல்லாமல் குழாயை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் பொருத்துநர்களால்தான் "பெரிய குழாய் போட்டேன், மோட்டார் கருகிவிட்டது" என்ற பேச்சு ஊரில் பரவுகிறது.

மானிய மனுவோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்கள் இடத்தைப் பார்வையிட வரும்போது, கோடை நீர்மட்டம், தண்ணீர் விழும் உயரம், குழாயின் நீளம், உள்விட்டம், டிரம் நிறையும் நொடி ஆகிய ஐந்து எண்களையும் அளந்து படிவத்தில் எழுத வேண்டும் என்று துறை உத்தரவிடலாம். புதிய பம்பு வைத்து ஒரு மாதம் கழித்து அதே டிரம்மை மீண்டும் வைத்து அளந்து, அந்த எண்ணையும் விவசாயியின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பம்புசெட் பொருத்தும், பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோவை.